கர்ப்பிணிகளின் ரத்தம் காத்த லூசி வில்ஸ்

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றுக்குக் கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் நாளில் போய்ப் பாருங்கள். வாசலில் வேப்ப மரத்து நிழலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சிலர் மாமியாருடன் வந்திருப்பார்கள். சிலர் சின்ன வெங்காயக் கொல்லையில் களை எடுத்துவிட்டு அப்படியே வந்திருப்பார்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள். எடை பார்ப்பார்கள். பிறகு நர்ஸ் ஒரு மாத்திரை அட்டையைக் கையில் கொடுப்பார்.

அந்த மாத்திரையில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று இரும்புச் சத்து. இதை எல்லோரும் அறிவார்கள். மற்றொன்று போலிக் அமிலம். அதன் அளவு ஒரு கிராமில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் அந்தத் துளி இல்லாமல் ஒரு காலத்தில் நம் நாட்டில் எத்தனையோ கர்ப்பிணிகள் மாண்டார்கள்.

அந்தத் துளியின் இருப்பை உலகுக்கு முதலில் காட்டியவர் ஓர் ஆங்கிலப் பெண்மணி. அதை அவர் கண்டுபிடித்தது இங்கிலாந்தில் அல்ல. நம் இந்திய நாட்டில். நம் சென்னைக் கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் வேலை செய்தார் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

அவர் பெயர் டாக்டர் லூசி வில்ஸ்.

அரிவாள் செய்யும் குடும்பம்

1888-ம் ஆண்டு மே மாதம் 10-ந் தேதி, பர்மிங்காம் நகருக்கு அருகிலுள்ள சட்டன் கோல்ட்பீல்டு என்ற ஊரில் லூசி பிறந்தார். தகப்பனார் வில்லியம் லெனார்டு வில்ஸ் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். அவர்களுடைய குடும்பத் தொழில், அரிவாள் முதலிய கருக்கு ஆயுதங்கள் செய்வது. தாயார் ஒரு டாக்டரின் மகள். ஆகவே வீட்டில் விஞ்ஞானமும் இருந்தது; வைத்தியமும் இருந்தது.

பெண்கள் உயர்ந்த படிப்புப் படிப்பது அபூர்வமாக இருந்த காலம் அது. செல்ட்டன்ஹாம் பெண்கள் கல்லூரிப் பள்ளியில் படித்த லூசி, 1907-ல் கேம்பிரிட்ஜில் உள்ள நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்தார். செடி கொடிகளைப் பற்றிய தாவர இயலும், பாறைகளைப் பற்றிய புவி இயலும் அவர் எடுத்துக்கொண்ட பாடங்கள். 1911-ல் பரீட்சை எழுதித் தேறினார்.

ஆனால் பட்டம் கிடைக்கவில்லை! காரணம், அவர் பெண். பெண்கள் பரீட்சை எழுதலாம், தேறலாம், ஆண்களைப் போல முழுப் பட்டம் மட்டும் பெற முடியாது என்பது கேம்பிரிட்ஜ் சட்டம். அந்தச் சட்டம் 1948-ல்தான் மாறியது.

அதே 1911-ல் தகப்பனார் காலமானார். 1913-ல் அக்காள் எடித் இறந்தார். அந்தத் துக்கத்தில் இருந்த தாயாரை அழைத்துக்கொண்டு லூசி இலங்கைக்குப் பயணமானார். அடுத்த ஆண்டு தென் ஆப்பிரிக்கா சென்றார். அங்கே இருக்கும்போதுதான் முதல் உலக யுத்தம் மூண்டது. கேப் டவுனில் சில வாரங்கள் நர்சு வேலை செய்தார். வாழ்க்கையின் திசை மாறியது. தாவரம் படித்தவர் டாக்டராக முடிவு செய்தார்.

1915-ம் ஆண்டு ஜனவரியில் லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். ராயல் பிரீ ஆஸ்பத்திரியோடு சேர்ந்த பள்ளி அது. பெண்களை டாக்டராக்குவதற்கென்றே ஏற்பட்டது. இந்தியப் பெண்களும் அங்கே படித்தார்கள். பின்னாளில் பம்பாயில் புகழ் பெற்ற பிரசவ டாக்டரான ஜெருஷா ஜிராட் அம்மையார் அவர்களில் ஒருவர்.

1920-ல் லூசி டாக்டரானார். அப்போது அவருக்கு வயது 32. ஆனாலும் அவர் நோயாளிகளைப் பார்க்கும் தொழிலுக்குப் போகவில்லை. ராயல் பிரீ ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்து, கர்ப்ப காலத்தில் பெண்ணின் உடம்பில் என்னென்ன மாறுதல்கள் ஏற்படுகின்றன என்று ஆராயத் தொடங்கினார்.

பம்பாயிலிருந்து வந்த அழைப்பு

இந்தியாவில் அப்போது பிரசவத்தில் தாய்மார்கள் இறப்பது மிகவும் அதிகமாக இருந்தது. பம்பாயில் மற்றொரு கொடுமையும் சேர்ந்திருந்தது. ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகள் கர்ப்பத்தின் பிற்பகுதியில் திடீரென்று வெளுத்துப் போவார்கள். மூச்சு வாங்கும். நாக்கு புண்ணாகும். வயிற்றுப் போக்கு வரும். கால் வீங்கும். பலர் பிரசவத்துக்கு முன்போ பின்போ இறந்து போனார்கள்.

இது சாதாரண ரத்த சோகை அல்ல. சாதாரண சோகையில் ரத்தத்தின் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறி இருக்கும். இரும்புச் சத்து கொடுத்தால் தேறும். பம்பாய்ப் பெண்களின் ரத்தத்திலோ சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடப் பெரியவையாக இருந்தன. எண்ணிக்கையோ மிகக் குறைவு. இரும்பு கொடுத்தால் குணமாகவில்லை.

இந்திய வைத்தியத் துறையில் நெடுங்காலம் தொண்டு செய்த டாக்டர் மார்கரெட் பால்பர் அம்மையார், தாய்மார் மரணத்தைப் பற்றிய விசாரணையில் ஈடுபட்டிருந்தார். அவருடைய அழைப்பின் பேரில் 1928-ல் லூசி வில்ஸ் பம்பாய் வந்து சேர்ந்தார். பிளேக் தடுப்பு மருந்துக்குப் பேர்போன ஹாப்கின் ஆராய்ச்சிக் கூடத்தில் அவருக்கு இடம் கொடுக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 40.

ஆஸ்பத்திரியிலிருந்து அடுப்படிக்கு

முதலில் எல்லோரும் நினைப்பது போலவே அவரும் ஏதாவது கிருமி காரணமாக இருக்குமோ என்று பார்த்தார். நோயுற்ற பெண்களையும் நோயற்ற பெண்களையும் ஒப்பிட்டார். கிருமியில் வித்தியாசம் தெரியவில்லை.

பிறகு அவர் கேட்ட கேள்வி மிகவும் எளிதானது. இந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள்?

அதில்தான் விடை இருந்தது. ஏழைப் பெண்களிடம் நோய் அதிகம். நன்றாகச் சாப்பிடும் குடும்பங்களில் குறைவு. நோய் மிகுதியாகக் கண்ட ஏழை முஸ்லிம் பெண்களின் சாப்பாட்டில் காய்கறி, பழம், பால் ஆகியவை மிகக் குறைவாக இருந்தன. மதமோ ஜாதியோ அல்ல, தட்டில் விழும் உணவுதான் காரணம் என்று லூசி சந்தேகித்தார்.

சந்தேகத்தை நிரூபிக்க வேண்டுமே! அந்தப் பெண்கள் சாப்பிடும் அதே உணவை வெள்ளெலிகளுக்குக் கொடுத்தார். சினையான எலிகள் சோகை பிடித்து, குட்டி போடும் முன்பே செத்தன. உணவில் ஏ, சி வைட்டமின்களைச் சேர்த்துப் பார்த்தார். பயனில்லை. ஈஸ்ட் என்ற நொதிப் பொருளைச் சேர்த்தார். எலிகள் பிழைத்தன!

ஆனால் ஆராய்ச்சி நேர்கோட்டில் போவதில்லை. எலிகளின் மேல் இருந்த பேன் மூலம் ஒரு தொற்று பரவி, அதுவும் சோகை உண்டாக்குகிறது என்று தெரிய வந்தது. எது உணவினால் வந்தது, எது பேனினால் வந்தது என்று பிரிக்க முடியவில்லை. லூசி மனம் தளரவில்லை. எலிகளை விட்டுக் குரங்குகளுக்கு மாறினார்.

மார்மைட் செய்த மாயம்

சோகை முற்றி, மிகவும் மோசமான நிலையில் ஒரு குரங்கு இருந்தது. அதற்கு மார்மைட் கொடுத்தார்கள். மார்மைட் என்பது மருந்தல்ல. பீர் தயாரிக்கும் தொழிலில் மிச்சமாகும் ஈஸ்டிலிருந்து எடுத்த கறுப்பு நிறக் கூழ். இங்கிலாந்தில் ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்கள். விலையோ மலிவு.

அந்தக் குரங்கு வியக்கத்தக்க விதத்தில் பிழைத்து எழுந்தது.

பிறகு பெண்களுக்கும் கொடுத்துப் பார்த்தார். சில நாட்களிலேயே ரத்தத்தில் புதிய சிவப்பணுக்கள் தோன்றின. பசி எடுத்தது. முகத்தில் களை வந்தது. சாவின் வாசல் வரை சென்ற தாய்மார்கள் வீடு திரும்பினார்கள்.

இதற்கு முன்பே, 1926-ல், அமெரிக்க டாக்டர்கள் மைனாட், மர்பி இருவரும் வேறு ஒரு வகைக் கொடிய சோகைக்கு ஈரலைச் சாப்பிடக் கொடுத்துக் குணப்படுத்தியிருந்தார்கள். ஆனால் ஈரல் விலை கூடியது. சைவ உணவுக்காரர்கள் தொடவும் மாட்டார்கள். மார்மைட்டில் மாமிசம் இல்லை. ஏழைக்கும் ஏற்றது, சைவருக்கும் ஏற்றது.

அதைவிட முக்கியமான ஒன்றையும் லூசி கவனித்தார். ஈரலை மிகவும் சுத்திகரித்து எடுத்த சத்து, மற்றச் சோகைக்குப் பயன்பட்டது. இந்தச் சோகைக்குப் பயன்படவில்லை. சுத்திகரிக்காத ஈரல் சத்தோ பயன்பட்டது. அப்படியானால் ஈஸ்டிலும் ஈரலிலும் இதுவரை யாரும் அறியாத வேறு ஒரு சத்து இருக்க வேண்டும் அல்லவா?

1931-ம் ஆண்டு ஜூன் மாதம் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. பெயர் தெரியாத அந்தச் சத்தை உலக டாக்டர்கள் 'வில்ஸ் சத்து' என்றே அழைக்கலானார்கள்.

குன்னூரிலும் சென்னையிலும்

லூசியின் தொண்டு பம்பாயோடு நின்றுவிடவில்லை. 1929-ல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் வேலை செய்தார். இந்திய உணவு ஆராய்ச்சியின் தந்தை போன்ற டாக்டர் மக்காரிசன் அங்கேதான் இருந்தார்.

1931-ன் தொடக்கத்தில் லூசி சென்னைக்கு வந்தார். சேப்பாக்கத்திலுள்ள கோஷா ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்து ஆராய்ந்தார். ஆண் டாக்டரிடம் போகக் கூசிய பெண்களுக்காக 1885-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. இப்போது அரசு கஸ்தூரிபா காந்தி தாய் சேய் நல மருத்துவமனை என்று பெயர். பேச்சு வழக்கில் இன்னும் கோஷா ஆஸ்பத்திரிதான்.

அந்த ஆஸ்பத்திரி உருவாகக் காரணமாக இருந்த மேரி ஷார்லீப் அம்மையார், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பிறகு லண்டனில் ராயல் பிரீ ஆஸ்பத்திரியிலும் பணி புரிந்தவர். சென்னையிலிருந்து ராயல் பிரீக்குப் போனவர் ஒருவர். ராயல் பிரீயிலிருந்து சென்னைக்கு வந்தவர் மற்றொருவர். இரண்டு பெண்களும் ஒரே ஆஸ்பத்திரியில் தங்கள் தடத்தைப் பதித்தார்கள்.

இன்றைய பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்த ஊர்கள். பிரசவம் என்றால் வீட்டுத் திண்ணையும் மருத்துவச்சியும்தான். வெளுத்துப் போன கர்ப்பிணி இறந்தால் விதி என்று அழுது அடங்கினார்கள். விதி அல்ல, உணவு என்று ஒருவர் சென்னையில் நிரூபித்துக்கொண்டிருந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கீரை கொடுத்த பெயர்

1933-ல் லூசி லண்டனுக்குத் திரும்பி ராயல் பிரீயில் முழு நேர வேலை ஏற்றார். 1937 நவம்பரில் மறுபடியும் பம்பாய்க்குப் பத்து வார ஆராய்ச்சிக்காக வந்தார். இந்தத் தடவை கப்பலில் அல்ல. நீரில் இறங்கும் ஆகாய விமானத்தில். சவுத்தாம்டனிலிருந்து கராச்சி வந்து சேர ஐந்து நாட்கள் ஆயின!

இதற்கிடையில் மற்ற விஞ்ஞானிகள் வில்ஸ் சத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். 1941-ல் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தினர் நான்கு டன் பசலை வகைக் கீரையை அரைத்துப் பிழிந்து ஒரு சத்தைப் பிரித்தார்கள். இலையிலிருந்து கிடைத்ததால், இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லை வைத்துப் போலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். ஈஸ்டில் லூசி கண்டதும் கீரையில் இவர்கள் கண்டதும் ஒரே இனம்தான் என்று பிறகு தெளிவாயிற்று. தாவரம் படித்த பெண் தேடிய சத்து தாவரத்தின் இலையிலேயே இருந்தது!

இங்கே இன்னொரு ஆச்சரியம். அந்தச் சத்தை ரசாயன முறையில் செய்து காட்டி 1945-ல் வெளியிட்ட அமெரிக்க ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் ஓர் இந்தியர். ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் பிறந்த டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். ஸ்புரூ என்ற வயிற்று நோய்க்கு இரண்டு சகோதரர்களைப் பறிகொடுத்தவர். அதே நோய்க்குப் போலிக் அமிலம் மருந்தாயிற்று. மாத்திரையாகச் செய்ய வழி பிறந்ததும் உலகத்து ஏழைத் தாய்மார்களுக்கெல்லாம் அது கிடைக்கலாயிற்று.

கடைசிக் காலம்

இரண்டாவது உலக யுத்தத்தில் லண்டன் மீது குண்டு மழை பொழிந்தது. 1944 ஜூலையில் ராயல் பிரீ ஆஸ்பத்திரியின் பரிசோதனைப் பகுதியிலேயே பறக்கும் குண்டு விழுந்து உயிர்ச் சேதம் ஏற்பட்டது. லூசி வேலையை நிறுத்தவில்லை. யுத்த ரேஷன் காலத்தில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்து கொடுப்பதால் என்ன நன்மை என்று ஆராய்ந்து 1947-ல் வெளியிட்டார். அந்த ஆண்டே ஓய்வு பெற்றார்.

ஓய்விலும் சும்மா இருக்கவில்லை. ஜமைக்கா, பிஜி, தென் ஆப்பிரிக்கா என்று ஏழைகளின் உணவையும் சோகையையும் ஆராயப் பயணம் செய்தார். லண்டன் செல்சியில் தொழிற்கட்சி நகர சபை அங்கத்தினராக இருந்தார். காருக்குப் பதில் சைக்கிளில் வேலைக்குப் போனவர். மலை ஏறுவதில் பிரியம். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1964 ஏப்ரல் 16-ந் தேதி காலமானார்.

நம் வீட்டுக்கு என்ன பாடம்?

கர்ப்ப காலத்தில் தாயின் உடம்பில் ரத்தத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. குழந்தை ஒவ்வொரு நாளும் புதிய அணுக்களால் வளர்கிறது. ஓர் அணு இரண்டாகப் பிரியப் போலிக் அமிலம் வேண்டும். அது இல்லாவிட்டால் அணு பெருத்துக்கொண்டே போகும், பிரியாது. பம்பாய்ப் பெண்களின் சிவப்பணு பெருத்திருந்த ரகசியம் இதுதான்.

லூசிக்குப் பிறகு தெரிய வந்த செய்தி ஒன்று உண்டு. குழந்தையின் மூளைக்கும் முதுகுத் தண்டுக்கும் அடிப்படையான குழாய், கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. போலிக் அமிலம் குறைந்தால் அது சரியாக மூடாமல் ஊனம் ஏற்படக் கூடும். அப்படிப்பட்ட குழந்தையை முன்பு பெற்ற தாய்மார்களுக்குக் கருத்தரிக்கும் முன்பே போலிக் அமிலம் கொடுத்ததில், மறுபடி அந்த ஊனம் வருவது நூற்றுக்கு 72 பங்கு குறைந்தது என்று 1991-ல் பிரிட்டிஷ் ஆராய்ச்சி காட்டியது.

நம் வழக்கத்தைப் பாருங்கள். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு நடத்துகிறோம். எலுமிச்சைச் சாதம், புளிச்சாதம், தேங்காய்ச் சாதம் என்று கட்டுச் சோறு கட்டிக் கொடுத்து மகிழ்கிறோம். நல்ல வழக்கம்தான். ஆனால் முதல் மாதம், பெண்ணுக்கே தெரியாத அந்த 28 நாட்கள், கவனிப்பார் இல்லாமல் போகின்றன. குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே டாக்டரைக் கேட்டுப் போலிக் அமிலம் சாப்பிடத் தொடங்குவது நல்லது.

இந்தச் சத்து நம் கொல்லையிலேயே விளைகிறது. கீரை வகைகள், பாசிப் பயறு, உளுந்து, கொண்டைக் கடலை, நிலக்கடலை எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் சத்தும் சாக்கடைக்குப் போய்விடும். குறைந்த நீரில், அளவாக வேகவைத்து, வெந்த நீரோடு கடைய வேண்டும்.

குழந்தை பெருத்தால் பிரசவம் கஷ்டமாகும் என்று கர்ப்பிணிக்கு வயிற்றை வாட்டும் பாட்டிமார்கள் இன்னும் சில வீடுகளில் உண்டு. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடும் மருமகள்களும் உண்டு. மண், சாம்பல், திருநீறு தின்ன ஆசை வந்தால் மசக்கை என்று சிரித்து விடுவார்கள். அது சோகையின் அடையாளமாகவும் இருக்கலாம். உடனே ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை என்று கணக்கு.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில் இந்தியக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்குச் சோகை என்று தெரிந்தது. இதில் பெரும் பங்கு இரும்புக் குறைவினால் வருவது. கொக்கிப் புழுவும் சேர்ந்துகொள்ளும். சிலருக்குப் பி-12 வைட்டமின் குறைவும் இருக்கும். ஆகவேதான் மாத்திரையில் இரும்பும் போலிக் அமிலமும் சேர்ந்திருக்கின்றன. அதைத் தினம் ஒன்றாக 180 நாட்கள் சாப்பிட வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987-ல் தொடங்கிய தமிழக மகப்பேறு உதவித் திட்டத்தில் பணத்தோடு பேரீச்சம் பழம், நெய், இரும்புச் சத்து டானிக் அடங்கிய பெட்டகமும் கர்ப்பிணிக்குக் கிடைக்கிறது. அதைச் சாப்பிட வேண்டியவள் கர்ப்பிணிதான். வீட்டிலுள்ள மற்றவர்கள் அல்ல!

மாத்திரை சாப்பிட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகிறது என்று சிலர் அட்டையோடு கூரைமேல் வீசிவிடுகிறார்கள். மலம் கறுப்பது இரும்பினால், பயப்பட வேண்டாம். சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிட்டால் குமட்டல் குறையும். டீ, காபியோடு மட்டும் விழுங்கக் கூடாது. அவை இரும்பை உடம்பில் சேர விடாது. கொய்யா, நெல்லி, எலுமிச்சை சேர்ந்தால் நன்றாகச் சேரும்.

பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஒரு கிராமத்து வீட்டில் அந்த மாத்திரை அட்டை மாடத்தில் கிடக்கலாம். மாமியாரே, கணவரே, எடுத்துப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்திருக்கிறதா, அப்படியே இருக்கிறதா? ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து வந்த ஒருத்தி, எலியோடும் குரங்கோடும் வருஷக்கணக்கில் போராடித் தேடிய பொருள் அதில் இருக்கிறது. அதை ஒரு தம்ளர் தண்ணீரோடு உங்கள் வீட்டுப் பெண்ணின் கையில் கொடுப்பது உங்கள் வேலை.